ஏசி வென்ட், கியர் பேனல், கதவு சுவிட்ச் பேனல்: பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்கில் விழுந்த கீறலை எப்படி எடுப்பது?

#1 சாலைப்புழுதி

எல்லாருக்கும் வணக்கம். 2016 மாடல் செடான். உள்ளே மூன்று இடத்தில் கீறல்.

கியர் லீவரைச் சுற்றியுள்ள பளபளப்புக் கறுப்பில் துணி தேய்த்துத் தேய்த்து வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், நடுவே சாவி உரசிய நீளக் கோடு ஒன்று. ஏசி வென்ட்டைச் சுற்றிய சில்வர் ஃபிரேமில் போன் ஹோல்டர் கிளிப் கடித்த இடத்தில் பெயிண்ட் போய் அடியில் கறுப்பு தெரிகிறது. டிரைவர் பக்கக் கதவின் பவர் விண்டோ பேனலும் சில்வர்தான், மோதிரம் பட்ட கீறல்கள், ஓரத்தில் பெயிண்ட் பொறிந்து உரிகிறது.

"ரப்பிங் போட்டால் எல்லாம் போய்விடும்" என்கிறார்கள். கையில் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்), ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை), ஒரு சில்வர் ஸ்பிரே கேன் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

#2 ரப்பிங்மேடை

முதல் வேலையாக அந்தக் காம்பவுண்டை சில்வர் பாகங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

காரின் வெளி பாடியில் நிறம் தரும் பேஸ் கோட் மேல் நிறமில்லாத கிளியர் கோட் இருக்கும். ரப்பிங் போடும்போது தேய்வது கிளியர்தான், நிறம் அடியில் பத்திரமாக இருக்கும். உள்ளே இருக்கும் சில்வர் பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் கிளியரே கிடையாது. அலுமினியத் துகள் கலந்த ஒரே கோட், அதுவும் மெல்லியது. அதன் மங்கலான பட்டுப்போன்ற தோற்றமே அந்தத் துகள்கள் கிடக்கும் விதத்தால் வருவது. அதைத் தேய்த்தால் மேலே இருக்கும் துகள்கள் அறுபட்டு அந்த இடம் மட்டும் கருத்து, பளபளவென்று ஒரு திட்டாகிவிடும். கீறலைவிட அந்தத் திட்டுதான் தூரத்திலிருந்து கண்ணில் படும். திரும்பச் சரிசெய்யவும் முடியாது, முழு பாகத்தையும் பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

உங்கள் பாகத்தில் கிளியர் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு நாலைந்து முறை லேசாகத் தேயுங்கள். துணி சாம்பல் நிறமானால் கிளியர் இல்லை. துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் இருக்கிறது.

கியர் பேனல் கறுப்புக்கு வேறு சோதனை. கீறல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்தால் மேலோட்டமானது, பாலிஷில் போகும். நகத்தை குறுக்கே இழுக்கும்போது தட்டினால் ஆழம், முழுவதும் எடுக்க முயலாதீர்கள். விளிம்புகளை மழுக்கிவிட்டாலே பாதி மறையும்.

#3 சாலைப்புழுதி

சோதித்தேன். சில்வர் இரண்டிலும் துணி சாம்பல் ஆனது. கறுப்பில் வட்டக் கோடுகள் தண்ணீரில் மறைகின்றன, சாவிக் கோடு லேசாக நகத்தில் தட்டுகிறது. அப்படியென்றால் கறுப்பில் காம்பவுண்ட் போடலாமா?

#4 ரப்பிங்மேடை

போடலாம், ஆனால் காம்பவுண்டில் தொடங்க வேண்டாம். பளபளப்புக் கறுப்பு இரண்டு வகையில் வருகிறது. ஒன்று பெயிண்ட்டும் கிளியரும் அடித்தது. இன்னொன்று பிளாஸ்டிக்கே கறுப்பாக வார்த்தது. பாகத்தின் பின்பக்கம், ஓரம் ஆகியவற்றில் பெயிண்ட் முடியும் கோடோ, பெயிண்ட் தூசியோ தெரிந்தால் முதல் வகை. வார்த்த கறுப்பில் தைரியமாகத் தேய்க்கலாம், உள்ளே போகப் போகக் கறுப்புதான். பெயிண்ட் அடித்ததில் அந்தத் தைரியம் கூடாது, விளிம்பு உடனே தேய்ந்துபோகும்.

இரண்டுக்கும் வரிசை ஒன்றுதான். தூசியை முதலில் காற்றால் ஊதி விடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபரால் ஒத்தி எடுங்கள். உலர்ந்த துணியால் துடைப்பதுதான் அந்த வட்டக் கோடுகளுக்கே காரணம். சுற்றியுள்ள சுவிட்ச், இடைவெளி, சொரசொரப்பான பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். காம்பவுண்ட் சொரசொரப்பில் புகுந்து உலர்ந்தால் வெள்ளை வெள்ளையாக நிற்கும். பேனலின் விளிம்பிலும் 3 மில்லிமீட்டர் டேப் ஒட்டிவிடுங்கள்.

முதலில் மிக நுண்ணிய ஃபினிஷிங் பாலிஷ், மிருதுவான ஸ்பாஞ்ச், கையால் ஒரு நிமிடம். வட்டக் கோடுகளில் பெரும்பங்கு இதிலேயே போகும். சாவிக் கோட்டுக்கு மட்டும் 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (எண் கூடினால் நுண்ணியது), சோப்புத் தண்ணீரில் நனைத்து, ரப்பர் அழிப்பானில் சுற்றிப் பத்துத் தடவை. துடைத்துப் பாருங்கள். கோடு குறையவே இல்லை என்றால்தான் கையில் உள்ள 2000. 2000 போட்ட இடத்தில் 3000 திரும்பப் போட வேண்டும், அதன் பிறகு காம்பவுண்ட், அதன் பிறகு பாலிஷ். இடையில் ஒன்றைத் தாண்டினால் வெயிலில் மூடுபனிபோலத் தெரியும்.

மெஷின் வேண்டாம் என்பது என் கருத்து. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, தேய்க்கும் இடத்திலேயே சூடு தங்கி பெயிண்ட் இளகிவிடும். இரண்டு விரல் அகலமுள்ள பாகத்துக்குக் கைதான் சரி.

#5 பயணி_தெற்கு

டூத்பேஸ்ட் போட்டாலே போகும் என்று நிறைய வீடியோக்கள் வருகின்றனவே? தேங்காய் எண்ணெய் தடவினாலும் மறைகிறது.

#6 நெகிழியியல்

தேங்காய் எண்ணெய் மறைப்பது உண்மை, ஆனால் அது கீறலை எடுக்கவில்லை. கீறலின் சாய்ந்த சுவர்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. எண்ணெயோ தண்ணீரோ அந்தப் பள்ளத்தை நிரப்பினால் சிதறல் குறைகிறது. எண்ணெய் துடைபட்டதும் கோடு திரும்பிவிடும். அதற்குள் அதில் தூசி ஒட்டி, அடுத்துத் துடைக்கும்போது புதிய கீறல்களும் சேரும். பின்னால் பெயிண்ட் அடிக்க நினைத்தால் அந்த எண்ணெயை முழுதாக எடுப்பது தனி வேலை.

டூத்பேஸ்டில் இருக்கும் அரைப்புத் துகள் பல்லுக்காக அளவிடப்பட்டது. பளபளப்புக் கறுப்பில் அது கீறலைக் குறைத்துவிட்டு மூட்டத்தை விட்டுச்செல்லும். நுண்ணிய பிளாஸ்டிக் பாலிஷ் ஒரு சிறு டியூப் வாங்குவதே மேல்.

#7 கோவைக்_கம்ப்ரசர்

சில்வருக்கு நான் சொல்றேங்க. இது முழு பாகமும் கழற்றி அடிக்கிற வேலை. பாதி இடத்துக்கு மட்டும் அடிச்சா ஒட்டு தெரியும், மேட் சில்வர்ல ஓரத்தை மழுப்பவே முடியாது.

கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவர் வேண்டாங்க. பிளாஸ்டிக் நெம்புகோல் செட் கிடைக்குது, அது இல்லைன்னா பழைய ஏடிஎம் கார்டுல டேப் சுத்தி வெச்சுக்கோங்க. டேஷ்போர்டு பக்கம் மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டிட்டு நெம்புங்க. ஏசி வென்ட் ஃபிரேம்ல பின்னாடி உலோக ஸ்பிரிங் கிளிப் இருக்கும், இழுக்கும்போது அது டேஷ்போர்டு ஓட்டையிலேயே தங்கிடும். உடனே எடுத்து ஃபிரேம்ல மாட்டிடுங்க, உள்ளே விழுந்தா ஏசி டக்ட் பக்கம் போய் ஆட்டம் போடும். காலை இளவெயில்ல கார் கொஞ்சம் சூடாகி இருக்கும்போது கழற்றினா கிளிப் உடையறது குறைவு.

கதவு பேனல்ல சுவிட்ச் கனெக்டரை லாக் அமுக்கித்தான் இழுக்கணும், வயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. சுவிட்ச் கட்டையை பேனல்ல இருந்து ஸ்க்ரூ கழற்றித் தனியா எடுத்துடுங்க. சுவிட்ச் மேல டேப் ஒட்டி அப்படியே அடிக்கலாம்னு நினைக்காதீங்க, பெயிண்ட் இடுக்கில இறங்கி பட்டன் ஒட்டிக்கும்.

#8 கிளிப்கழற்றி

அண்ணன் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ஏர்பேக் பக்கத்தில் இருக்கும் எதையும் தொடும் முன் இக்னிஷனை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவ் கழற்றி, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பது காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதைவிடக் குறைக்காதீர்கள். மின்சாரம் போன பிறகும் ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கபாசிட்டர் கொஞ்ச நேரம் சார்ஜ் வைத்திருக்கும்.

ஸ்டீரிங்கில் உள்ள சில்வர் துண்டைக் கழற்றப் பல கார்களில் ஏர்பேக்கையே எடுக்க வேண்டியிருக்கும். அதை நீங்கள் செய்யாதீர்கள். பயணி பக்கம் டேஷ்போர்டில் ஏர்பேக் மூடி வரும் இடத்தில் பெயிண்ட், புட்டி, ஸ்டிக்கர் எதுவும் போடக் கூடாது. அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில்தான் கிழிந்து திறக்க வேண்டும். மேலே ஏறும் பூச்சு திறப்பதைத் தடுக்கலாம், சில்லுகளாகப் பறக்கலாம்.

பேட்டரி திரும்ப மாட்டிய பிறகு சில கார்களில் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும், பவர் விண்டோ ஆட்டோவை மறுபடி பழக்க வேண்டும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

#9 சாலைப்புழுதி

பாகங்களைக் கழற்றிவிட்டேன், கிளிப் எதுவும் உடையவில்லை. வென்ட் ஃபிரேம் பின்பக்கம் அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கதவு பேனலில் பிபி, பக்கத்தில் டிடி20. இது முக்கியமா?

#10 நெகிழியியல்

மிக முக்கியம். இங்கிருந்து இரண்டு பாகத்துக்கும் வழி பிரிகிறது.

ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் பெயிண்ட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் கரைப்பானுக்குப் பலவீனமானது. என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர்), அசிட்டோன் எதையும் துடைக்கப் பயன்படுத்தக் கூடாது, மேற்பரப்பு பிசுபிசுவென்று கரைந்துவிடும். பிசி (பாலிகார்பனேட்), ஏபிஎஸ் இரண்டும் கலந்த பாகமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்க்ரூ ஓட்டை, கிளிப் கால் போன்ற இறுக்கம் உள்ள இடங்களில் தின்னர் பட்டால் சில நாள் கழித்து மயிரிழை விரிசல் விடும். வேலை முடிந்த பிறகு மாட்டும்போது கிளிப் கால் ஒடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிபி என்பது பாலிபுரொப்பிலீன், டிடி20 என்றால் 20 சதவீதம் டால்க் தூள் கலந்தது. பாலிபுரொப்பிலீன் மேல் சாதாரண பிரைமர் (நிறத்துக்கு அடியில் அடிக்கும் கோட்) பிடிக்காது, நகத்தால் உரித்தால் தாள்போல வரும். உங்கள் கதவு பேனல் ஓரத்தில் உரிவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பாலிபுரொப்பிலீனில் பிடிப்பு பெரும்பாலும் ஓரத்தில்தான் முதலில் தோற்கும். அதற்கு பிளாஸ்டிக் அடீஷன் புரமோட்டர் என்று கேட்டு வாங்குங்கள், ஸ்பிரே கேனிலும் வருகிறது. நிறமில்லாமல் தண்ணீர்போல இருக்கும்.

எழுத்து இல்லாத பாகத்தில் "தண்ணீரில் மிதந்தால் பிபி" என்று ஒரு சோதனை சொல்வார்கள். டால்க் கலந்தது மூழ்கிவிடும், அதனால் அதை நம்ப முடியாது. பின்பக்கம் மறைவான இடத்தில் பஞ்சு முனையால் துளி அசிட்டோன் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஏபிஎஸ் வகை, ஒன்றுமே ஆகாவிட்டால் பெரும்பாலும் பிபியாக இருக்கும்.

#11 கோவைக்_கம்ப்ரசர்

இப்போ கழுவற வேலை. இதுதாங்க பாதி வேலை, எல்லாரும் அவசரப்படறதும் இங்கேதான்.

டேஷ்போர்டு பாலிஷ்னு நாம அடிக்கிற ஸ்பிரேல பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய் இருக்கு. அது பாகத்து மேல கண்ணுக்குத் தெரியாம உட்கார்ந்திருக்கும். பெயிண்ட் அடிச்சதும் அங்கங்கே வட்ட வட்டமா குழி விழும், மீன் கண்ணுன்னு சொல்லுவோம். அதை எடுக்காம வாட்டர் பேப்பர் போட்டா சிலிக்கானைக் கீறலுக்குள்ளேயே தேய்ச்சு ஏத்திடுவீங்க. அதனால கழுவிட்டுத்தான் தேய்க்கணும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு டீஸ்பூன், பழைய டூத் பிரஷ். பின்பக்கம், ஓரம், கிளிப் இடுக்கு எல்லாம் தேயுங்க. அலசுங்க. தண்ணி மேல முத்து முத்தா நிக்காம ஒரே படலமா பரவணும், அதுவரைக்கும் திரும்பத் திரும்ப. காய்ஞ்சதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துணியில நனைச்சுத் துடைச்சு, அது ஆறுறதுக்குள்ளேயே இன்னொரு காய்ஞ்ச துணியால எடுத்துடணும். ஒரே துணியால துடைச்சா அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. வேலை நடக்கிற இடத்துல அந்த டேஷ்போர்டு ஸ்பிரேயை யாரும் அடிக்காம பார்த்துக்கோங்க, காத்துல வந்து படிஞ்சாலே போதும்.

அடுத்தது தேய்க்கிறது. ஏபிஎஸ் ஃபிரேம்ல பெயிண்ட் போன இடத்து விளிம்பை 400 நம்பர்ல மழுக்கி, 600 போட்டு, முழு பாகத்துக்கும் 800 ஈரமா. விரல் வெச்சுத் தடவினா படி தெரியக் கூடாது. கண்ணை மூடிட்டுத் தடவுங்க, கண்ணைவிட விரல் நல்லாச் சொல்லும். கதவு பேனல்ல உரியற பெயிண்டை முதல்ல டேப் ஒட்டி இழுங்க, வர்றது எல்லாம் வரட்டும். பாலிபுரொப்பிலீனை உலர்வாத் தேய்ச்சா நார் நாரா எழும், அதனால ஈரமா, மெதுவா. நார் எழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்காதீங்க, கூடத்தான் செய்யும்.

கிளிப் கடிச்ச பள்ளம் எவ்வளவு ஆழம்?

#12 சாலைப்புழுதி

ஏபிஎஸ் ஃபிரேமில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு அரிசி நீளம். கதவு பேனலில் சில கோடுகள் மட்டும். ஆனால் கதவு பேனலின் கீழ்ப்பாதியில் தோல்போன்ற சொரசொரப்பு இருக்கிறது.

#13 நிறக்கலவை

அந்தச் சொரசொரப்பில் வாட்டர் பேப்பர் வைக்காதீர்கள். மேடுகள் தேய்ந்தால் அந்தத் தோல் வடிவத்தைத் திரும்ப உருவாக்க நம்மிடம் வழி இல்லை. சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டை ஈரமாக வைத்து, பளபளப்பு போகும்வரை மட்டும் தேயுங்கள். அங்கே நிரப்பும் பிரைமரும் வேண்டாம், பள்ளங்கள் அடைந்து சொரசொரப்பு வழவழப்பாகிவிடும். புரமோட்டர், அதன் மேல் நேராக நிறம். அங்கே உள்ள கீறல் கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும். மேட் சில்வர் ஏறியதும் முக்கால்வாசி கண்ணிலிருந்து போய்விடும்.

ஏபிஎஸ் பள்ளத்துக்கு என்சி புட்டி என்று கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அது காயக் காயச் சுருங்கும், பெயிண்ட் அடித்த பிறகு பள்ளம் திரும்பத் தெரியும். வளையும் பாகத்தில் வெடிக்கவும் செய்யும். ஹார்ட்னர் கலக்கும் பிளாஸ்டிக் புட்டி சிறிய டப்பா போதும். பட்டாணி அளவு புட்டிக்கு ஹார்ட்னர் கடுகளவு. எடையில் சொன்னால் 100க்கு 2 அளவில்தான் பெரும்பாலான புட்டிகள் வருகின்றன, உங்கள் டப்பாவில் உள்ளதைப் பின்பற்றுங்கள். ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் காயும் என்று அதிகம் போடுவார்கள். மிஞ்சிய ஹார்ட்னர் மேலே வந்து நிறத்தைக் கறையாக்கும்.

அதன் மேல் பிளாஸ்டிக் பிரைமர் இரண்டு மெல்லிய கோட், நடுவில் 10 நிமிடம். நன்றாகக் காய்ந்ததும் 800 ஈரமாக. சில்வருக்கு அடியில் 600 நம்பர் கோடு விட்டுவைத்தால் அலுமினியத் துகள் அந்தக் கோட்டோடு படிந்து காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு, வெள்ளை மன்னிக்கும், சில்வர் மன்னிக்காது. கண்டிப்பானவர்கள் 1000 வரை போவார்கள்.

நிறம் பற்றி. உங்கள் கையில் உள்ள ஸ்பிரே கேன் சில்வர் பொருந்தாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரின் பிளேட்டில் உள்ள பெயிண்ட் குறியீடு வெளி பாடிக்கானது, உள் பாகத்துக்கு அது உதவாது. சில்வரில் நிறத்தைவிடத் துகளின் பருமன் முக்கியம். பெரிய துகள் மின்னும், உள் பாகங்களில் இருப்பது மிக நுண்ணிய துகள், சாட்டின்போலத் தெரியும். கீறல் இல்லாத இன்னொரு வென்ட் ஃபிரேமைக் கழற்றிக் கலவைக் கடைக்கு எடுத்துப்போங்கள். "ஃபைன் சில்வர், உள்ளே கொஞ்சம் கறுப்பு, மேட்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கலந்ததை டின்னில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் அட்டையில் அதே பிரைமர், அதே எண்ணிக்கைக் கோட் அடித்து, மேட் கிளியரும் அடித்து, காய்ந்த பிறகு காருக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது பொருந்தி, சாய்த்துப் பார்க்கும்போது கருத்தால் துகள் பருமன் சரியில்லை. எவ்வளவு முயன்றும் பொருந்தாவிட்டால் நான்கு வென்ட்டையும் சேர்த்து அடித்துவிடுங்கள். கண் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் பழையது இருக்காது. உண்மையில் அதுதான் எளிய வழி.

#14 பயணி_தெற்கு

புரமோட்டரைக் கூடுதலாக அடித்தால் இன்னும் நன்றாகப் பிடிக்குமா? ஏபிஎஸ்ஸுக்கும் அடிக்கலாமா?

#15 நெகிழியியல்

கூடாது. அது மிக மெல்லிய இணைப்புப் படலம். ஒரு கோட், அதிகம் போனால் இரண்டு, ஈரம் பளபளக்கும் அளவுக்குத்தான். தடிமனானால் அந்தப் படலமே நடுவில் பிளந்து பெயிண்ட்டோடு உரியும். அடித்த பிறகு டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த கோட் ஏற வேண்டும். பல பொருட்களில் பத்து நிமிடத்துக்குப் பிறகு தொடங்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அதன் மேல் வாட்டர் பேப்பர் வைக்கவும் கூடாது. ஏபிஎஸ்ஸுக்கு அது தேவையில்லை.

#16 கோவைக்_கம்ப்ரசர்

அடிக்கிற நாள் பார்த்து அடிங்க. மழைக்காலத்துல, ஈரக்காத்துல ஸ்பிரே கேன் அடிச்சா பெயிண்ட் பால் மாதிரி வெளுத்துடும். கரைப்பான் ஆறும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுல படியறதால வர்றது. காலை எட்டு ஒன்பது மணி, காத்து அடங்கின நேரம் நல்லது. மதிய வெயில்ல துளி பாகத்துல விழறதுக்கு முன்னாடியே காய்ஞ்சு மணல் மாதிரி உட்காரும். தரையில தண்ணி தெளிச்சுக்கோங்க, தூசி எழும்பாது. ஆனா மழைநாள்ல அதையும் செய்யாதீங்க.

கேன்ல அடிச்சா, உள்ளே இருக்கிற குண்டு சத்தம் கேட்ட பிறகு ரெண்டு நிமிஷம் குலுக்கணும். தூரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். பாகத்துக்கு வெளியே ஆரம்பிச்சு வெளியே முடிக்கணும், பாகத்து மேலே வெச்சு அமுக்கினா அங்கே வழியும். முதல் கோட் புகை மாதிரி, அடியில பிரைமர் தெரியட்டும். பத்து நிமிஷம் விட்டு ரெண்டாவது, அடுத்த பத்து நிமிஷத்துல மூணாவது. மூடினது போதும், நாலாவது ஆசை வேண்டாம்.

சில்வர்ல மேகம் மேகமா திட்டு வந்தா ஈரமா அடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம், துகள் மிதந்து ஒரு பக்கமா சேர்ந்துடுச்சு. அதுக்கு கடைசியா ஒரு தூவல் கோட் இருக்கு. 30 சென்டிமீட்டர் தள்ளி, வேகமா, லேசா. திட்டு அடங்கிடும்.

ஸ்பிரே கன்ல அடிக்கிறவங்களுக்கு சின்ன கன், 0.8 இல்லைன்னா 1.0 நாசில், 1.5 முதல் 2 பார். ஒரு கதவு பேனல், நாலு வென்ட் ஃபிரேமுக்கு கலந்து முடிச்ச பெயிண்ட் 80 மில்லி இருந்தா போதுங்க.

#17 சாலைப்புழுதி

சில்வருக்கு மேலே கிளியர் தேவையா? கம்பெனியில் அடித்ததில் கிளியர் இல்லை என்கிறீர்களே.

#18 நிறக்கலவை

வென்ட் ஃபிரேமுக்கு இல்லாமலும் விடலாம். கதவு பேனலுக்குக் கட்டாயம் வேண்டும், அதுவும் ஹார்ட்னர் கலந்த டூ-கே கிளியர்.

காரணம் கைதான். சாதாரண ஸ்பிரே கேன் பெயிண்ட் பெரும்பாலும் கரைப்பான் ஆறுவதால் மட்டும் காய்வது, உள்ளே வேதிப் பிணைப்பு எதுவும் நடக்காது. அதைக் கரைப்பான் மறுபடி கரைக்கும். கை சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அதற்குப் போதும். சன்ஸ்கிரீன், கொசு விரட்டும் கிரீம் தடவிய கை தினமும் பட்டால் சில மாதத்தில் பிசுபிசுக்கும். கொசுக் கிரீம்களில் உள்ள டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கையே இளக்கக்கூடியது. ஹார்ட்னர் கலந்தது குறுக்குப் பிணைப்போடு இறுகும், சானிடைசர் அதை எளிதில் ஒன்றும் செய்யாது.

மேட் அல்லது சாட்டின் கிளியர் கேளுங்கள். கலவை விகிதம் டின்னில் இருக்கும். 2க்கு 1 என்றால் 40 மில்லி கிளியருக்கு 20 மில்லி ஹார்ட்னர். மெடிக்கல் ஷாப்பில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி அளந்துகொள்ளுங்கள், இவ்வளவு சிறிய அளவில் கண் மதிப்பு எப்போதும் தவறும். ஹார்ட்னர் குறைந்தால் இறுகாது, கூடினால் மொறுமொறுத்து வெடிக்கும். மங்கலாக்கும் தூள் டின் அடியில் தங்கியிருக்கும், கலக்கும் முன் குச்சியால் அடி வரைக்கும் கிளறுங்கள்.

மேட் கிளியரில் தவறினால் திருத்த வழி இல்லை. தூசி விழுந்தது என்று தேய்த்தால் அந்த இடம் பளபளக்கும். தடிமனாக அடித்தாலும் பளபளப்பு கூடும். அதனால் இரண்டு சமமான கோட், இடையே முதல் கோட்டின் ஈரப் பளபளப்பு முழுதாக அடங்கும்வரை காத்திருப்பு. அவ்வளவுதான். தவறினால் காயவிட்டு, 800 போட்டு, நிறத்திலிருந்து மறுபடி.

இந்தக் கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வாசனை பெரிதாகத் தெரியாது, ஆனால் அதன் தூவல் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. துணி மாஸ்க், பஞ்சு மாஸ்க் எதற்கும் உதவாது. பெயிண்ட் கடைகளில் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போட்டு அடிப்பது இதனால்தான். வீட்டில் அந்த வசதி இல்லையென்றால் நிறம் வரை நீங்கள் முடித்துவிட்டு, கிளியரை மட்டும் ஒரு பெயிண்ட் பூத்தில் கொடுத்து அடித்து வாங்குங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். மூடிய கார் ஷெட்டில், குழந்தைகள் இருக்கும் வீட்டில் டூ-கே அடிக்கவே கூடாது. ஏற்கெனவே மூச்சிரைப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

#19 மலைப்பாதை

இடையில் ஒரு கேள்வி. சுவிட்ச் பட்டன் மேலேயே கறுப்புப் பெயிண்ட் போய், ராத்திரி அந்தக் கீறல் வழியாக வெளிச்சம் தெரிகிறது. அதையும் இப்படியே அடிக்கலாமா?

#20 கிளிப்கழற்றி

முடியாது. அந்தப் பட்டன் ஒளி ஊடுருவும் வெள்ளைப் பிளாஸ்டிக். அதன் மேல் கறுப்பு அடித்து, லேசரால் படத்தை மட்டும் செதுக்கி எடுத்திருப்பார்கள். மேலே பெயிண்ட் அடித்தால் படமும் மூடிவிடும். சின்னப் புள்ளியாக இருந்தால் பல்குச்சி நுனியில் மேட் கறுப்பு தொட்டு வைக்கலாம். இல்லையென்றால் பட்டன் மூடியோ, முழு சுவிட்சோ மாற்றுவதுதான்.

அதேபோல ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் பூச்சிலும் வாட்டர் பேப்பர் வேலை செய்யாது, சுருண்டு சுருண்டு வரும். அந்தப் பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் சிதைந்து பிசுபிசுப்பாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைச் சில நிமிடம் போட்டு வைத்து, முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் உள்ள பிளாஸ்டிக்கை அப்படியே விடுங்கள் அல்லது மேட் பெயிண்ட் அடியுங்கள்.

#21 சாலைப்புழுதி

கதவு பேனல் கிளியரைப் பூத்தில் கொடுக்கிறேன். வென்ட் ஃபிரேம் நிறம் அடித்து முடிந்தது, ஒன்றில் மட்டும் இரண்டு மீன் கண். துடைத்துவிட்டு மேலே ஒரு கோட் போடலாமா? எப்போது திரும்ப மாட்டலாம்?

#22 கோவைக்_கம்ப்ரசர்

ஈரத்தோட துடைக்காதீங்க, மேலேயும் அடிக்காதீங்க. குழி இன்னும் ஆழமாகும். ஒரு நாள் முழுசா காயட்டும். 800 போட்டு குழி போற வரைக்கும் தேய்ச்சு, மறுபடி சோப்பு, ஆல்கஹால், ரெண்டு துணி. அப்புறம் அந்த ஃபிரேமுக்கு மட்டும் முதல்ல ரொம்ப மெல்லிசா ரெண்டு புகைக் கோட், பதினைஞ்சு நிமிஷ இடைவெளியில. அது பிடிச்ச பிறகு மத்ததை அடிங்க.

கடிச்சுப் பிடிக்கிற ஓரத்துலயும் கிளிப் கால்லயும் பெயிண்ட் ஏறியிருந்தா 800 வெச்சு எடுத்துடுங்க. அங்கே பெயிண்ட் தடிமன் இருந்தா உள்ளே தள்ளும்போது விளிம்புல சில்லு உடையும், ஓட்டும்போது கிறீச்சுனு சத்தமும் வரும்.

மாட்டறதுக்கு ரெண்டு நாள் குறைஞ்சபட்சம், ஒரு வாரம் நல்லது. நிழல்ல, காத்தோட்டமா வெச்சுடுங்க. சீக்கிரம் மாட்டினா மீதி கரைப்பான் மூடின காருக்குள்ளே ஆவியாகி முன் கண்ணாடியில படலமா படியும், ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்துல கண் கூசும். ஹீட் கன் வேண்டாம். ஏபிஎஸ் 90, 100 டிகிரி பக்கமே வளைய ஆரம்பிச்சுடும், ஹீட் கன் அதைச் சில நொடியில தாண்டிடும்.

#23 ரப்பிங்மேடை

மாட்டிய பிறகு ஒரு மாதம் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி மட்டும். டேஷ்போர்டு ஸ்பிரே, சானிடைசர் இரண்டும் அந்தப் பக்கம் வேண்டாம். கியர் பேனல் கறுப்புக்கு பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம், அங்கே புதுப் பெயிண்ட் இல்லாததால் உடனே ஒட்டினாலும் பிரச்சினை இல்லை. புதிதாக அடித்த சில்வரில் ஃபிலிமோ டேப்போ ஒட்டாதீர்கள், உரிக்கும்போது பெயிண்ட்டும் வரும்.

அப்புறம் அந்த போன் ஹோல்டர். வென்ட்டில் கடிக்கும் வகையை மறுபடி மாட்டினால் அதே இடத்தில் அதே பள்ளம்தான் விழும். கண்ணாடியில் ஒட்டும் வகை, பார்வையை மறைக்காத கீழ் மூலையில் வையுங்கள். வென்ட்டில்தான் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் இறக்கையில் மட்டும் மாட்டும் வகை வாங்கி, ஃபிரேமில் சாயும் அதன் பின்காலில் ஃபெல்ட் துணித் துண்டு ஒட்டிவிடுங்கள்.